நொறுங்கிய காருக்கு என்ன விலை?

வவுனியாவிலிருந்து நேயர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கார் விபத்தொன்றில் நொறுங்கிப்போயிற்று. திருத்துவதற்கு ஆகும் செலவு காரின் விலையையே எட்டிவிடும் என்பதால், காப்புறுதிக் கம்பனி அதனை 'முழுச் சேதம்' என்று தீர்த்துவிட்டது. ஆனால் கொடுப்பதற்கு இசைந்த தொகையோ அவர் எதிர்பார்த்ததில் முக்காற் பங்குதான். "கிடைப்பதை வாங்கிக்கொண்டு வாயை மூடியிருப்பதா, அல்லது வழக்குக்குப் போவதா?" என்பது அவர் வினா.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. என் அத்தான் அவ்வழியில் நடந்ததை நான் கூடவே இருந்து பார்த்தவன்.

அத்தான் யாழ்ப்பாணத்தில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவர். 2015ஆம் ஆண்டில் உற்பத்தியான சுசுகி ஆல்டோ கார் ஒன்று அவரிடம் இருந்தது. அது ஆடம்பரத்துக்காக வாங்கிய வண்டி அன்று. அக்காவுக்குச் சிறுநீரக வியாதி. வாரத்தில் இரண்டு நாள் இரத்தச் சுத்திகரிப்புக்காக வைத்தியசாலைக்கு அழைத்துச்செல்ல வேண்டும். 2023 ஆவணியில் ஓர் இரவு, கொழும்பிலிருந்து தனியே திரும்பிக்கொண்டிருந்த அத்தானுக்கு, மாங்குளத்துக்கு அப்பால் ஏ9 வீதியின் நடுவே கட்டாக்காலி மாடொன்று எதிர்ப்பட்டது. அதனை விலக்கித் திருப்பிய கார் மதகிலே போய் மோதியது. ஆசனப்பட்டி அணிந்திருந்தபடியால் அவர் சிறு காயங்களோடு தப்பினார். மாடு தன் வழியே போயிற்று. கார் அங்கேயே கிடந்தது.

கார் நாற்பது இலட்சம் ரூபாவுக்கு முழுமைக் காப்புறுதி செய்யப்பட்டிருந்தது. மூன்று வாரங் கழித்துக் கம்பனியிடமிருந்து வந்த கடிதத்தில் 29 இலட்சம் என்று கண்டிருந்தது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அத்தான் என்னிடம் கேட்டார்: "தம்பி, கட்டணம் வாங்கும்போது நாற்பது, கொடுக்கும்போது இருபத்தொன்பது. இது எந்த ஊர்க் கணக்கு?"

அவருடைய கோபம் நியாயமானதுதான். ஆயினும் அந்த நியாயம் கம்பனியிடம் செல்லாது. காப்புறுதிப் பத்திரத்தில் எழுதப்படும் தொகை உச்சவரம்பு மாத்திரமே. காப்புறுதியின் அடிப்படை, நட்டம் அடைந்தவரை நட்டத்துக்கு முன் இருந்த நிலைக்குக் கொண்டுவருவது. அதற்கு மேலே ஏற்றிவிடுவதன்று. எனவே, விபத்து நிகழ்வதற்குச் சற்று முன்னர் அந்தக் காரைச் சந்தையில் விற்றிருந்தால் என்ன விலை கிடைத்திருக்கும் என்பதே கேள்வி. பத்திரத்தொகை அவ்விலைக்குக் குறைவாயிருந்தால் பத்திரத்தொகைக்கு மேல் ஒரு சதமும் கேட்க முடியாது. கூடுதலாயிருந்தால் சந்தை விலையே கிடைக்கும். ஆகவே வாதாட வேண்டியது சந்தை விலையைப் பற்றியே. இதனை விளக்கியதும் கணித ஆசிரியர் கோபத்தை விட்டுக் கணக்கிலே இறங்கிவிட்டார்.

நம் நாட்டில் அந்நாளிற் சந்தை விலை என்பதே பெருங் குழப்பமாயிருந்தது. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாவின் மதிப்பு சரிந்தது. பழைய கார்கள் புதிதாக வாங்கியபோது கொடுத்த விலையையும் தாண்டி விற்றன. வருடந்தோறும் தேய்மானம் கழித்துப் பழகிய பழைய முறையால் அக்காலத்து விலையைக் கண்டுபிடிக்க இயலாது.

அத்தான் முதலிற் செய்த காரியம், இருபத்தொன்பது இலட்சம் எப்படி வந்தது என்று எழுத்திலே கேட்டதுதான். தொலைபேசியிற் பேசிய அலுவலர், "அது எங்கள் உள் அறிக்கை" என்றார். அத்தான் விடவில்லை. பதிவுத் தபாலில் இரண்டாவது கடிதம் போனபின் மதிப்பீட்டாளரின் அறிக்கைப் பிரதி வந்தது. அதிலே இரண்டு பிழைகள் இருந்தன. குளிரூட்டியும் பவர் ஸ்டியரிங்கும் உள்ள எல்எக்ஸ்ஐ வகைக் காரை, அவை இல்லாத மலிவு வகையாகக் குறித்திருந்தார்கள். ஓடிய தூரமும் ஓர் இலக்கம் மாறி, 68,000 கிலோமீற்றர் என்பது 86,000 ஆகியிருந்தது. இது சூழ்ச்சியென்று நான் சொல்லமாட்டேன். ஒரு நாளில் பல வண்டிகளைப் பார்த்துக் குறிப்பெழுதும் மனிதரின் கைத்தவறாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தவறு அத்தானுக்கு எதிராகவே விழுந்திருந்தது.

அடுத்து அவர் ஆதாரம் திரட்டினார். பதிவுச் சான்றிதழ், சேவிஸ் செய்த பற்றுச்சீட்டுகள், நான்கு புது டயர்களுக்கும் பற்றரிக்கும் வாங்கிய பில்கள் ஆகியவற்றோடு, அதே ஆண்டு, அதே வகைக் கார்களுக்கு வந்த விற்பனை விளம்பரங்களையும் வெட்டி ஒட்டினார். விளம்பரங்கள் கேட்கும் விலையைக் காட்டுமேயன்றி விற்ற விலையைக் காட்டா என்று கம்பனி மறுமொழி எழுதிற்று. அது சரியான மறுப்பு என்றே நானும் கருதினேன். எனவே அத்தான் தம் செலவில் சுயாதீன மதிப்பீட்டாளர் ஒருவரை அழைத்தார். சிதைந்த வண்டி அதுவரை கராஜிலேயே நின்றது நல்லதாயிற்று. கம்பனிக்கு ஒப்படைத்திருந்தால் அவர் எதைப் பார்த்து மதிப்பிடுவது? அவர் கொடுத்த விலை 36 இலட்சம்.

எல்லாவற்றிலும் வலுவான சான்று கம்பனியின் கையிலேயே இருந்தது. விபத்துக்கு ஐந்து மாதங்களுக்கு முன் பத்திரத்தைப் புதுப்பித்தபோது, அவர்களுடைய ஆளே வந்து காரைச் சுற்றிப் படம் எடுத்து, நாற்பது இலட்சத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார். அப்படங்களைக் கோப்பிலிருந்து எடுத்துப் பார்க்குமாறு அத்தான் எழுதினார்.

இதற்கிடையில் தொலைபேசி அழைப்புகள் வந்தவண்ணமிருந்தன. "ஐயா, இன்றைக்கே கையொப்பம் வைத்தால் இந்த வாரமே காசோலை" என்பார்கள். அவர்கள் அனுப்பியிருந்த படிவத்தில், இத்தொகையை முழுத் தீர்வாக ஏற்று இனி எவ்வித உரிமையும் கோரேன் என்ற வாசகம் இருந்தது. அதில் ஒப்பமிட்டபின் வாதாட இடமே இல்லை. கம்பனிக்கு அவசரம் கிடையாது. அத்தான் வீட்டிலோ, அக்காவை முச்சக்கர வண்டியில் ஏற்றிக் குலுங்கக் குலுங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் வந்தார்கள். "இருபத்தொன்பதையே வாங்கிவிடுங்களேன்" என்று அக்கா ஒருநாள் அழுதேவிட்டார். அன்றிரவு அத்தான் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்ததை நான் கண்டேன். மனிதர் தோற்பது இவ்விடத்திலேதான்.

ஒப்பமிடவில்லை. கடைசிக் கடிதத்தில், பதினான்கு நாளுக்குள் மறுபரிசீலனை செய்யாவிடின் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடுவதாகவும், அதன் பிரதியை இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழுவுக்கு அனுப்புவதாகவும் எழுதினார். ஒம்புட்ஸ்மனிடம் முறையிடக் கட்டணம் இல்லை. முதலிற் கம்பனியிடம் எழுத்தில் முறையிட்டிருத்தல் வேண்டும். அந்த எழுத்துக்கள் எல்லாம் அத்தானிடம் தேதிவாரியாக இருந்தன. பன்னிரண்டாம் நாள் 34½ இலட்சம் என்று பதில் வந்தது. முப்பத்தாறுக்காக மேலும் போராடியிருக்கலாம்; அக்காவை எண்ணி ஏற்றுக்கொண்டார்.

வவுனியா நேயருக்கு: உங்கள் பத்திரத்தொகை எவ்வளவு என்பதை நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைப் பாருங்கள். லீசிங் கடன் பாக்கியிருந்தால் பணம் முதலில் அவர்களுக்கே போகும். எஞ்சியது எவ்வளவென்று கணக்குப் பார்த்துக்கொண்டே பேசுங்கள். சிதைந்த வண்டியைக் கம்பனி எடுக்கிறதா, உங்களிடமே விட்டு அதன் விலையைக் கழிக்கிறதா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். 2025இல் இறக்குமதி மீண்டும் திறந்துவிட்டபடியால் விலைகள் முன்போல் ஒரே திசையில் ஏறுவதில்லை. ஆகையால் விபத்து நாளை ஒட்டிய விலைகளையே சேர்த்து அனுப்புங்கள்.

அத்தானுக்கு அந்தப் பணத்தில் அதே ஆண்டுக் கார் அகப்படவில்லை. இரண்டு வருடம் பழையதொன்று அகப்பட்டது. நொறுங்கிய வண்டியை ஏற்றிச்செல்ல லொறி வந்த நாளில், அதன் முன்பெட்டியிலிருந்து அக்காவின் கிளினிக் கொப்பியை மாத்திரம் எடுத்துக்கொண்டு வந்தார்.