மொதல்ல ஃபோல்டர், அப்புறம்தான் சாப்ட்வேர்

கோடி, ப்ளெக்ஸ், ஜெல்லிஃபின்... இதுல எது பெஸ்ட்டுன்னு நம்ம ஆளுங்க போடுற சண்டைக்கு முடிவே கிடையாது. என்னைக் கேட்டா, அதெல்லாம் ரெண்டாவது கேள்விங்க. உங்க ஹார்ட் டிஸ்க்குல ஃபோல்டர் எந்த லட்சணத்துல இருக்கு? அதான் மொத கேள்வி. "புதுசு", "புதுசு2", "மாமா கொடுத்தது"ன்னு வெச்சுக்கிட்டு, போஸ்டர் தப்பா வருது, சாப்ட்வேர் சரியில்லைன்னு புலம்பினா என்ன நியாயம்?

இந்த சாப்ட்வேர் எதுவும் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறதில்லை. பேரைப் படிக்குது, அவ்வளவுதான். அந்தப் பேரை எடுத்துட்டுப் போய் டிஎம்டிபி மாதிரி தளத்துல தேடி, கிடைச்சதைக் கொண்டு வந்து ஒட்டிடும்.

தமிழ்ப் படம்னா தலைவலி ஒரு பங்கு கூட. நம்மாளுங்களுக்குப் பழைய டைட்டில் மேல அப்படி ஒரு ஆசை! பில்லான்னா 1980 ரஜினியா, 2007 அஜித்தா? பொல்லாதவன், படிக்காதவன், மாப்பிள்ளை மூணும் மொதல்ல ரஜினி, அப்புறம் தனுஷ். விக்ரம் 1986லயும் இருக்கு, 2022லயும் இருக்கு. ரெண்டுலயும் கமல்தான்! பாவம், மெஷின் என்ன பண்ணும்? அதனால ஒவ்வொரு படத்துக்கும் தனி ஃபோல்டர், பேருக்குப் பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள வருஷம். இங்கிலீஷ்ல "டி"யா, "டிஎச்"சாங்கிற குழப்பத்துக்கு, டிஎம்டிபில எப்படி இருக்கோ அப்படியே எழுதிடுங்க. அதுக்கும் அடங்காத படம்னா, ஜெல்லிஃபின், ப்ளெக்ஸ் ரெண்டுலயும் டிஎம்டிபி நம்பரையே ஃபோல்டர் பேர்ல சேர்க்க வழி இருக்கு. சீரியலைப் படத்தோட கலக்கவே கூடாது. தனி இடம், உள்ள சீசன் வாரியா ஃபோல்டர்.

"எல்லாம் சரிதான், ஆனா லைப்ரரி காலியா இருக்கே"ன்னா, பெரும்பாலும் ரெண்டே காரணம்தான். லினக்ஸ்ல ஜெல்லிஃபின் தனக்குன்னு ஒரு யூசர் பேர்ல ஓடும். ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இருக்கும், அதுக்கு இருக்காது. விண்டோஸ்ல, நேத்து "ஈ"யா இருந்த யூஎஸ்பி ட்ரைவ் இன்னைக்கு "எஃப்" ஆகியிருக்கும். டிஸ்க் மேனேஜ்மெண்ட்ல போய் ஒரே எழுத்தை நிரந்தரமாக் கொடுத்துடுங்க. ட்ரைவ் கண்ணுக்குத் தெரியாத நேரத்துல மட்டும் "க்ளீன் லைப்ரரி" பக்கம் போயிடாதீங்க சாமி!

இவ்வளவும் சினிமாவுக்கு. சினிமா போனா இன்னொரு காப்பி கிடைக்கும். என் கவலையே வேற.

பழைய கல்யாண கேசட்டை டிவிடி ஆக்கி, கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருப்பீங்க. பேர் என்ன தெரியுமா? "விடிஎஸ்_01_1". அதைப் படத்தோட சேர்த்துப் போட்டா, தாத்தாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு ஏதாவது வெளிநாட்டுப் படத்தோட போஸ்டர் வந்து உட்காரும். ஜெல்லிஃபின்ல வீட்டு வீடியோவுக்குன்னே தனி லைப்ரரி வகை இருக்கு. கோடில அந்த ஃபோல்டருக்கு உள்ளடக்க வகை எதுவும் கொடுக்காம விட்டா, அது தேடவே போகாது.

ஆனா பேரை யார் வைக்கிறது? பந்தியில பரிமாறுறவர் யாரு, மணமேடைக்குப் பின்னாடி நிக்கிற சின்னப் பொண்ணு யாருன்னு எந்தத் தளத்துக்கும் தெரியாது. வீட்டுல இருக்கிற பெரியவங்களுக்கு மட்டும்தான் தெரியும். அவங்க இருக்கும்போதே கேட்டு எழுதிடணும். "பெரிய அத்தை கல்யாணம்"னு எழுதினா பத்தாது, உங்க பேரன் "எந்த அத்தை?"ன்னு கேப்பான். வருஷம், அத்தை பேர், ஊர் மூணும் வேணும்.

இதை சாப்ட்வேருக்குள்ள மட்டும் எழுதி வெச்சா வேலைக்காகாது. எக்ஸ்பிஎம்சிங்கிற பேர் 2014ல கோடி ஆச்சு. மைக்ரோசாஃப்ட் 2015ல விண்டோஸ் 10 விட்டப்போ மீடியா சென்டரையே தூக்கிட்டாங்க. எம்பில இருந்து ஜெல்லிஃபின் 2018ல பிரிஞ்சது. சாப்ட்வேர் வரும், போகும். அதோட டேட்டாபேஸும் கூடவே போயிடும். ஃபோல்டர் பேரும், பக்கத்துல இருக்கிற ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலும் எந்த மெஷின்லயும் திறக்கும்.

எந்த சாப்ட்வேர்னு அப்புறம் சண்டை போட்டுக்கலாம். இந்த ஞாயித்துக்கிழமை பாட்டியைப் பக்கத்துல உக்கார வெச்சு, அந்த "விடிஎஸ்"ஸுக்கு ஒரு பேர் வைங்க.