இளைஞர் மனநலமும் சமூகத்தின் கடமையும்

உடல் நோயுற்றால் உற்றார் சூழ்ந்து நின்று பரிகாரம் தேடுவர். உள்ளம் நோயுற்றாலோ, மனத்திடம் போதாதென்று ஒரே சொல்லிற் கூறி அகன்றுவிடுவர். நோயுற்றவர் இளைஞராயின், அது வயதின் கோளாறென்று எள்ளி நகைப்பாரும் உளர். இவ்வழக்கம் அறியாமையின்பாற்பட்டது. இளைஞர் உள்ளத்தின் நலம் அவர் வாழும் சமூகத்தின் நலத்தினின்றும் பிரிக்கவொண்ணாதது என்பதே ஈண்டு யாம் வற்புறுத்த விரும்புவது.

இக்கருத்து புதியதன்று. பிரெஞ்சு தேசத்துப் பேராசிரியர் எமில் துர்க்கைம், தற்கொலை தனி மனிதரது துயராகத் தோன்றினும், குடும்பம், சமயம் முதலிய பிணிப்புகள் தளர்ந்தவிடத்தே அது மிகுகின்றதென்று 1897-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலிற் கணக்குகளைக் கொண்டு காட்டினார்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தை நோக்குவோம். 2024 ஜூன் மாதத்தில் கருணாபுரத்திலும் அயலூர்களிலும் மெதனால் கலந்த கள்ளச் சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அரசாங்கம் பொருளுதவியும் கல்விச் செலவும் அறிவித்தது, நன்றே. ஆயினும், இரவில் உறக்கமின்றி விழித்திருக்கும் பிள்ளையின் அச்சத்தையும், ஊரார் வசையால் அது அடையும் நாணத்தையும் பொருள் ஒன்றே தீர்க்க வல்லதோ? மேற்கே கல்வராயன் மலையில், 1976 வரை ஜாகீர்தார்களின் கீழிருந்த மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். பெற்றோர் பிழைப்பு நாடி அயல் மாநிலம் செல்ல, பிள்ளைகள் பலர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலோ பாட்டியரிடத்தோ வளர்கின்றனர். இவர்தம் மனச்சோர்வைப் பிறவிக் குணமென்பது அநீதியாகும்.

அற்றேல், செய்யத்தக்கது யாது? பீகார் மாநிலத்து நாலந்தா மாவட்டத்தில், அரசாங்க உயர்நிலைப் பள்ளிகள் 70-க்கு மேற்பட்டவற்றில் நடைபெற்ற ஆராய்ச்சியொன்று 2018-இல் லான்செட் மருத்துவப் பத்திரிகையில் வெளியாயிற்று. சில பள்ளிகளில், மருத்துவப் பட்டம் பெறாத, ஆயின் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் அமர்த்தப்பட்டார். மாணவர் குறைகளை எழுதியிடப் பெட்டி, சுவர்ப் பத்திரிகை, தனித்துப் பேச வாய்ப்பு ஆகியன அவர் பணிகள். வேறு சில பள்ளிகளில் அப்பணிகளே ஆசிரியர் ஒருவரிடம் ஒப்புவிக்கப்பட்டன. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும், மாணவர் ஒருவரையொருவர் துன்புறுத்தலும் குறைந்தன. ஆசிரியரிடம் விடப்பட்டவற்றில் அத்தகைய பயன் காணப்படவில்லை.

ஆசிரியரே பெற்றோரை ஒப்பவர், பிறிதொருவர் எதற்கென்று சிலர் வினவுவர். ஆசிரியரின் அன்பை யாம் குறைத்துரைக்கவில்லை. ஆயினும் பாடச் சுமையும் தேர்வுச் சுமையும் தாங்கும் அவர்க்கு ஓய்வேது? மதிப்பெண் இடுபவரிடத்து மாணவன் தன் நெஞ்சைத் திறந்து காட்டுவதும் அரிதன்றோ?

ஆதலின், வெள்ளிமலை தொடங்கிக் கருணாபுரம் வரை, ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் செவிகொடுத்துக் கேட்பதையே தொழிலாகக்கொண்ட ஒருவர் இருத்தல் வேண்டும். மலைவாழ் வகுப்பிற் பிறந்து பட்டம் பெற்ற இளைஞரையே அதற்குப் பயிற்றுதல் சாலச் சிறந்தது. அவர்க்கு அம்மக்களின் பேச்சும் துயரும் பழக்கமானவை.

பல்கலைக்கழகத்தார்க்கும் ஒரு சொல். வினாத்தாளுடன் மலையேறி, விடைகளுடன் இறங்கி, பட்டம் பெற்றபின் அவ்வூரை மறந்துவிடுதல் அறமாகாது. கண்ட உண்மையை அவ்வூராரிடமே அவர்க்கு விளங்கும் தமிழில் எடுத்துரைத்து, செய்யத்தக்கதை அவரோடு கலந்து ஆராய்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! உங்கள் விடுதியில் நேற்றுவரை நகைத்திருந்தவன் இன்று வாளாவிருப்பின், அருகிலமர்ந்து காரணம் கேளுங்கள். அறிவுரை கூற விரையாதீர்கள். துயர் பெரிதாயின் 14416 என்னும் அரசாங்கத் தொலைபேசி எண்ணுக்கு அவனோடு சேர்ந்து பேசுங்கள். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி ஆங்கே உதவி கிடைக்கும். நல்ல சமாரியன் வழியில் நின்று விசாரித்ததோடு அமையாது, காயமுற்றவனைச் சத்திரம் வரை கொண்டு சேர்த்தான் என்பதை மறவாதிருப்போமாக.