மங்கிய முன்விளக்கும் பற்பசை வைத்தியமும்

மாலை நான்கு மணிக்கே இருள் கவியும் மார்கழியில், இரவு வேலைக்குச் செல்லும் நம்மவர் பலரின் கார்களை நாம் கவனித்ததுண்டு. இயந்திரத்தில் குறையிராது. முன்விளக்குகளோ கண்புரை படர்ந்த விழிபோல் மஞ்சளித்திருக்கும். பிரித்தானியாவின் எம்.ஓ.ரி. பரிசோதனையில், ஒளியைப் பெரிதும் குறைக்கும் அத்தகைய விளக்கு சித்தியடையாது. புதிய விளக்கு வாங்குவதோ பெருஞ்செலவு.

முன்னைய கார்களின் விளக்குகளுக்குக் கண்ணாடி மூடியிருந்தது. இன்றைய மூடி பொலிகாபனேற் என்னும் பிளாஸ்ரிக்கினால் ஆனது. அதன்மேல் பூசப்பட்ட மெல்லிய காப்புப்பூச்சைச் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் காலப்போக்கில் சிதைக்கின்றன; பின்னர் பிளாஸ்ரிக்கும் மஞ்சளிக்கின்றது. அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, மங்கிய விளக்கு தாழ்நிலை ஒளியில் புதிய விளக்கின் 22 வீத வெளிச்சத்தையே தந்தது. மெருகேற்றியபின் அது ஏறத்தாழ 70 வீதமாயிற்று.

நாமும் ஒருமுறை பற்பசையால் தேய்த்தோம். அன்று மாலை விளக்கு பளபளத்தது; அயலவரையும் அழைத்துக் காட்டினோம். தைப்பொங்கலுக்குள் பழைய மஞ்சள் திரும்பிவிட்டது. பற்பசை மேலழுக்கை மட்டும் நீக்கும்; இழந்த காப்புப்பூச்சை அது தருவதில்லை.

முறையாகச் செய்வதாயின், விளக்கைச் சவர்க்கார நீரால் கழுவி, சுற்றியுள்ள வர்ணத்தின்மீது மாஸ்கிங் ரேப் ஒட்டுக. உதிரிப்பாகக் கடைகளில் 'வெற் அன்ட் ட்றை' என்று கேட்டால் நீரில் நனைத்துத் தேய்க்கும் அரத்தாள் கிடைக்கும். 1000, 2000, 3000 என்ற வரிசையில், தாள் உலராதவாறு நீர் தெளித்துத் தேய்த்தல் வேண்டும். ஒரு தாளை மேலும் கீழுமாகத் தேய்த்தால் அடுத்ததைப் பக்கவாட்டில் தேய்ப்பது நன்று. முன்னைய கீறல் மறைந்ததா என்பது அப்போது தெரியும். முதல் தாளின்போது மூடி முன்னிலும் வெளிறித் தோன்றும். அஞ்சவேண்டாம், மஞ்சள் நீர் வடிவது நிற்கும்வரை அதனைக் கைவிடவும் வேண்டாம். அவசரப்பட்டு அடுத்த தாளுக்குத் தாவுவோரே பின்னர் கீறல் தெரிகின்றதென முறையிடுகின்றனர். அதன்பின் மெருகுப்பசையால் துலக்கி, அற்ககோலால் துடைத்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிந்த லக்கரை மெல்லியதாகப் பூசுக. மெருகேற்றும் பெட்டி வாங்குவோர் அதனுள் இந்த லக்கர் உண்டா என்று பார்த்தே வாங்கவேண்டும். இல்லாத பெட்டி பற்பசைக்குச் சற்றே மேலானது, அவ்வளவே.

மூடியின் உட்புறம் நீராவி படர்ந்திருந்தாலோ வெடிப்பு இருந்தாலோ இவ்வுழைப்பு பயன்தராது. ஜேர்மனியில் உள்ள உறவினருக்கு இதனைச் சொல்லுமுன் ஓர் எச்சரிக்கை: அங்கு மூடியைத் தேய்த்தால் விளக்கிற்கான அங்கீகாரம் இழக்கப்படலாம், பரிசோதனை நிலையத்தில் முதலில் கேட்பதே தக்கது.

லக்கர் பூசியபின் 24 மணிநேரம் மழை படாதிருத்தல் நலம். ஞாயிறு இரவு வேலைக்குச் செல்வோர், மழையற்ற சனி காலையில் தொடங்குக.