பளபளப்பு என்னும் பொய்

ரொறன்ரோவில் வாழும் என் பள்ளித் தோழர் ஒருவர், தம் தந்தையார் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓட்டிய மொறிஸ் மைனர் காரின் சிறிய மாதிரியுரு ஒன்றைச் செய்து முடித்து, அதன் படங்களை அண்மையில் எனக்கு அனுப்பியிருந்தார். சக்கரம், விளக்கு, இலக்கத் தகடு எல்லாம் அச்சொட்டாக இருந்தன. ஆனால், கார் முழுவதும் சீனிப்பாகில் தோய்த்தெடுத்ததுபோல் மினுங்கிற்று. எண்பது வயதைக் கடந்த அவருடைய தாயார் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “வடிவாய்த்தான் இருக்கு. இது ஆற்றை கார், தம்பி?” என்று கேட்டாராம். தோழர் இதை நகைச்சுவையாக எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாதிரிக் கார் செய்வோரிடையே இன்று கிளியர் கோட் என்றொரு மதம் பரவியிருக்கிறது. நிறம் பூசியதும் அதன்மேல் நிறமற்ற பூச்சை மேலும் மேலும் விசிறி, நுண்ணிய தாளால் தேய்த்து, மினுக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியாக்கிவிட வேண்டும் என்பதே அதன் வேதம். எந்தக் கார், எந்தக் காலத்துக் கார் என்ற கேள்விக்கு அங்கு இடமில்லை. மினுங்காதது முடிவுறாதது, அவ்வளவுதான்.

இவர்களிடம் நான் கேட்பது எளிய கணக்கு ஒன்றைத்தான். உண்மையான காரின் கிளியர் கோட் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோன் தடிப்புடையது. 24இல் ஒரு பங்கு அளவிலான மாதிரியில் அது 2 மைக்ரோனாகச் சுருங்க வேண்டும். அதை எவராலும் பூச முடியாது என்பது உண்மையே. ஆனால் மாதிரியிலும் அதே 50 மைக்ரோனைப் பூசினால், முழு அளவில் அது 1.2 மில்லிமீற்றர் ஆகிறது. காரின் உருக்குத் தகடே 1 மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புடையது! தகட்டைவிடத் தடித்த பூச்சுக்குள் காரைப் புதைத்துவிட்டு, அளவுத் துல்லியம் பற்றிப் பேசுகிறோம். கதவு விளிம்பின் கோடு நிரம்பிப்போகிறது. கூரிய மூலைகள் மழுங்கிவிடுகின்றன.

அடுத்தது வரலாறு. நிறத்தின்மேல் தனியாகக் கிளியர் கோட் பூசும் முறை கார்த் தொழிலில் பரவலானது 1980களில்தான். மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்து 1970களின் தொடக்கத்தோடு நின்றுபோன கார். அதன் பளபளப்பு நிறப்பூச்சின் சொந்தப் பளபளப்பு. எங்கள் வெயிலில் அது சில ஆண்டுகளிலேயே வெளிறிவிடும். துணியால் துடைத்தால் நிறம் பொடியாய்த் துணியில் ஒட்டும். இன்றைய பந்தயக் கார்களும் இந்த மதத்துக்கு அடங்குவதில்லை. ரெட் புல் அணியின் 2016ஆம் ஆண்டுக் காரும் பெராரியின் 2019ஆம் ஆண்டுக் காரும் மினுக்கமற்ற பூச்சுடனேயே ஓடின. அவற்றையும் கண்ணாடியாக்கி வைத்திருப்போரை நான் கண்டிருக்கிறேன்.

கிளியர் கோட்டே வேண்டாம் என்பதல்ல என் வாதம். நீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கால்களை அது காக்கிறது. அவற்றின் விளிம்பை மறைக்கிறது. 1990களின் உலோக நிற ஸ்கைலைன் ஒன்றுக்கு அது இன்றியமையாதது. அங்கு மெல்லிய பூச்சுகளாக அடித்துப் போதுமென்ற இடத்தில் நிறுத்துபவரே கலைஞர். “என் மாதிரி, என் விருப்பம்” என்பாருக்கும் மறுப்பில்லை. ஆனால் அதை அப்பாவின் கார் என்று பெயரிட்டு வைக்கும்போது, விருப்பத்தோடு ஒரு பொறுப்பும் வந்துவிடுகிறது.

இதைவிடக் கோபமூட்டும் விடயம் ஒன்றுண்டு. உச்சப் பளபளப்புக்காக, கார்ப் பட்டறைகளில் பயன்படும் இருகூட்டு யூரித்தேன் பூச்சைப் புதியவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைக்கிறார்கள். அதன் கடினமாக்கியில் ஐசோசயனேற்று இருக்கிறது. தொழில்வழி ஆஸ்துமாவுக்குப் பெயர்போன காரணி அது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சை அடைக்கும். பட்டறைகளில் வெளிக்காற்று ஊட்டும் முகமூடியுடன் செய்யும் வேலையை, படுக்கையறை மூலையில் துணி முகமூடியோடு செய்யும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு கைப்பிடிக் காரின் மினுக்கத்துக்கு நுரையீரலை விலை கேட்பது எந்த வகை ரசனை?

தோழருக்கு இவ்வளவையும் எழுதினேன். நான்கு நாள்கள் பதிலில்லை. கோபித்துவிட்டார் என்றே எண்ணினேன். பிறகு இரண்டு வரி வந்தது. நுண்ணிய தாளால் மினுக்கத்தைத் தேய்த்துக் குறைத்துக்கொண்டிருக்கிறாராம். கூரையில் எந்தப் பக்கம் அதிகம் வெளிறியிருந்தது என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாராம்.