கண் ரோட்டில், கை திரையில்?

மழை நாளில் அண்ணா சாலையில் ஓட்டும்போது முன்கண்ணாடியில் ஆவி படிகிறது. ஏ.சி. காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்ப, என் புதுக் காரில் திரையைத் தொட்டு, பட்டியலில் தேடி, மறுபடியும் தொட வேண்டும். தேனாம்பேட்டை சிக்னலில் நின்றால்தான் முடியும். பழைய அம்பாசடரில் குமிழ்கள்தான். பார்க்காமலே கை போய்விடும். பிரெஞ்சுப் பள்ளியில் டேஷ்போர்டுக்கு நாங்கள் படித்த சொல் ‘தாப்லோ த போர்’. தாப்லோ என்றால் பலகை. இப்போது அது டி.வி. ஆகிவிட்டது.

சர்வீஸ் சென்டரில் கேட்டால், “டிசைனே அப்படித்தான் சார்.” கம்பெனிக்கு எழுதினால் புகார் எண் வருகிறது, பதில் வருவதில்லை.

ஐரோப்பாவில் கார்களைச் சோதிக்கும் யூரோ என்கேப் 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹார்ன், அபாய விளக்கு ஆகியவற்றைத் திரைக்குள் ஒளித்தால் முழு மதிப்பெண் தருவதில்லை. 2023-இல் தொடங்கிய நம் பாரத் என்கேப்பும் இதைப் பார்க்கட்டும், ஏ.சி.யையும் சேர்க்கட்டும்.

அதுவரை, புகாரை எழுத்தில் கொடுங்கள். சேவைக் குறைபாட்டுக்கு, 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் முறையிடலாம். வக்கீல் கட்டாயமில்லை.

அரசு ஆபீஸில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன்: வாயால் சொன்ன குறைக்கு ஃபைல் கிடையாது.