தண்ணீர் கெடுமுன் சட்டம் பேசவேண்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெய்யும் மழை செம்மண்ணூடு இறங்கி, சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலே தேங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து, எமது கிணறுகளுக்கு ஊற்றாகின்றது. வெங்காயமும் வாழையும் புகையிலையும் அந்நீரால் விளைகின்றன. குழந்தையின் தாகமும் அந்நீராலேயே தணிகின்றது. ஓரிடத்தில் மண்ணில் ஊற்றிய நஞ்சு, பாறை வெடிப்புகளின் வழியே ஊர்விட்டு ஊர் சென்று பிறிதோரிடத்துக் கிணற்றில் தலைகாட்டும். வலிகாமத்துக் கமக்காரன் ஒவ்வொருவனும் அறிந்த இவ்வுண்மையைத் திட்டம் வகுப்போரும் அறிதல் வேண்டும்.

பலாலி விமான நிலையம் இந்த நிலத்தடி நீரின் தலைமாட்டில் அமைந்திருக்கின்றது. 2019 ஆம் ஆண்டு ஒக்டோபர் 17 ஆம் நாள் அது சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டபோது நாமும் மகிழ்ந்தோம். சென்னைக்குச் செல்லக் கொழும்புவரை அலைந்த எமது மக்களுக்கு அது பெரிய வசதி. அதனை விரிவாக்க வேண்டுமென்ற பேச்சு எழும்போதெல்லாம் அதனை எதிர்ப்பது எமது நோக்கமன்று. ஆயினும் விரிவாக்கத்தின் பெயரால் எமது நிலம் எத்தகைய ஆபத்தைக் கண்டது என்பதையும் நாம் மறக்கவில்லை. 2013 ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கு அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காணிச் சொந்தக்காரர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் கதவைத் தட்டினர். நிலத்திற்காக அன்று எழுந்த மக்கள், நிலத்தின் கீழுள்ள நீருக்காகவும் எழவேண்டும் என்பதே எமது கோரிக்கை.

எப்பொழுது எழவேண்டும் என்பதே வினா. இதற்கு விடைகூற நீதிமன்றப் பதிவேடுகள் இருக்கின்றன.

சுன்னாகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அங்கே கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. 2015 ஆம் ஆண்டு தாக்கல் செய்யப்பட்ட அடிப்படை உரிமை மனுவிற்கு 2019 ஏப்பிரில் 4 ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நீதியரசர்கள் நிலைநாட்டினர். மின்னுற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபா செலுத்தவேண்டுமெனக் கட்டளையிட்டனர். சட்ட வரலாற்றிலே அது சிறந்த தீர்ப்பு. அந்த மனுவைத் தாக்கல் செய்தவர் சுன்னாகத்துக் கமக்காரர் அல்லர், சுற்றாடல் அமைப்பொன்றின் தலைவராகிய சிங்களவர் என்பதையும் நன்றியுடன் குறிப்பிடுகின்றோம். ஆனால் கணக்கைப் பாருங்கள்: கூடியது 500 பேருக்கு, ஒருவருக்கு மிஞ்சினால் 40,000 ரூபா. ஒரு கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்வதற்கு அது உதவலாம். பாறைக்குள் ஊறியதை எந்தக் கட்டளை வெளியே எடுக்கும்?

அவுஸ்திரேலியாவின் கதையும் இதுவே. அங்கே வில்லியம்ரவுன், ஓக்கி, கதரின் என்னும் மூன்று இடங்களிலுள்ள படைத்தள விமானத் தளங்களில் தீயணைப்புப் பயிற்சிக்காகப் பல்லாண்டுகளாகப் பயன்படுத்திய நுரையிலிருந்த இரசாயனங்கள் நிலத்தடி நீரிற் கலந்தன. இயற்கையில் இலகுவில் அழியாத பொருள்கள் அவை. அவற்றுள் ஒன்றை 2009 ஆம் ஆண்டிலும் மற்றொன்றை 2019 ஆம் ஆண்டிலும் ஸ்ரொக்கோம் உடன்படிக்கை தன் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. குடியிருப்பாளரும் விவசாயிகளும் ஒன்றுதிரண்டு வழக்காடினர். 2020 ஆம் ஆண்டு 21 கோடி 25 இலட்சம் டொலருக்கு அரசாங்கம் இணங்கியது. தொகை பெரிதுதான். எனினும் அது மதிப்பிழந்த நிலத்துக்கான விலையேயன்றி மீண்டுவந்த நல்ல தண்ணீர் அன்று.

இனி, கெடுமுன் எழுந்தவர்களின் கதையைக் காண்போம். அமெரிக்காவின் சியாற்றில் நகரையடுத்த விமான நிலையத்திற்கு மூன்றாவது ஓடுபாதை அமைப்பதற்காக ஒரு கோடிக்கும் மேற்பட்ட கனயார் மண்ணை நிரப்பத் திட்டமிட்டனர். அம்மண்ணில் நஞ்சு கலந்திருக்குமோ, அருகிலுள்ள ஓடைகளும் சதுப்பு நிலங்களும் கெடுமோ என்று அஞ்சிய அண்டை நகரசபைகள் கூட்டணி அமைத்தன. நீர்த்தரச் சான்றிதழை 2001 ஆம் ஆண்டு மாநிலத் திணைக்களம் வழங்கியதும் அதனையே எதிர்த்து மேன்முறையீடு செய்தன. 2002 ஆம் ஆண்டு நியாயசபை சான்றிதழை இரத்துச் செய்யவில்லை; ஆனால் மேலதிக நிபந்தனைகளை விதித்தது. 2004 ஆம் ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் அவற்றுட் சிலவற்றை ஏற்றது, சிலவற்றை நீக்கியது. 2008 ஆம் ஆண்டு ஓடுபாதை திறக்கப்பட்டது.

வழக்கு தோற்றதென்று சிலர் கூறுவர். சட்டத்தை அறிந்தோர் அவ்வாறு கூறார். ஓடுபாதை வந்தது, ஆனால் நிரப்பும் மண்ணுக்கும் வழிந்தோடும் மழைநீருக்கும் எவர் பொறுப்பு என்பது மண் கொட்டி முடியுமுன்னரே நீதியின் முன் விசாரிக்கப்பட்டது. முன்னேற்றத்தை நிறுத்தாமல் நீருக்குக் காவல் வைக்க முடியும் என்பதற்கு இது சான்று.

எமது நாட்டிலும் முன்மாதிரி உண்டு. எப்பாவலையிலே பொஸ்பேற்றுக் கனியத்தைப் பெருமளவில் அகழ்ந்தெடுக்க அரசாங்கம் வெளிநாட்டுக் கம்பனியுடன் உடன்படிக்கை செய்ய முனைந்தபோது, அவ்வூர் மக்கள் உயர் நீதிமன்றம் சென்றனர். 2000 ஆம் ஆண்டு ஜூன் மாதம் நீதியரசர் அமரசிங்க வழங்கிய தீர்ப்பு, முறையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் இன்றி அந்த உடன்படிக்கை நிறைவேறுதல் ஆகாதென்று தடுத்தது. அங்கே எவருக்கும் நட்டஈடு வழங்கவேண்டிய தேவையே எழவில்லை; மண் வெட்டப்படவில்லை.

சுன்னாகத்தையும் எப்பாவலையையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு எமது கருத்து விளங்கும். நீதிமன்றம் ஒன்றே, அரசியலமைப்பும் ஒன்றே. வேறுபாடு காலத்தில் இருக்கின்றது.

ஆகவே பலாலிக்கு நாம் வேண்டுவன எவை? 1988 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்ட தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ், 1993 ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான வர்த்தமானி, விமான நிலையத்தின் கொள்ளளவை 50 சதவீதமோ அதற்கு மேலோ கூட்டும் விரிவாக்கத்தை அங்கீகாரம் பெறவேண்டிய திட்டமாகக் குறித்துள்ளது. இவ்வாண்டு ஒரு துண்டு, அடுத்த ஆண்டு மறு துண்டு என்று வேலையைப் பிரித்து இவ்வெல்லைக்குள் நுழையாது நழுவுதல் ஆகாது. முழுத்திட்டத்துக்கும் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும். அது தமிழில் மக்கள் கையிற் கிடைக்கவேண்டும். பொதுமக்கள் கருத்துரைக்கச் சட்டம் தருவது 30 நாட்களே. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய தடித்த புத்தகத்தைக் கந்தோர் மேசையில் வைத்துவிட்டு, எவரும் ஆட்சேபிக்கவில்லை என்று கூறுவதை நாம் ஏற்கமாட்டோம்.

இரண்டாவதாக, தீயணைப்பு நுரை, எரிபொருட் களஞ்சியம், கழிவுநீர் ஆகியன பற்றிய விபரங்களை அதிகாரிகள் வெளியிடவேண்டும். பலாலியில் தீங்கு நேர்ந்துவிட்டது என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. கேட்பதற்கு உரிமையுண்டு என்கின்றோம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்கென்றே இயற்றப்பட்டது.

மூன்றாவது கடமை எம்முடையது. இன்று எமது கிணற்று நீர் எப்படி இருக்கின்றது என்பதற்குப் பதிவு இல்லாவிடின், நாளை அது கெட்டதென்று எதைக்கொண்டு நிரூபிப்போம்? எமது தோட்டங்களில் அளவின்றி இடும் உரத்தாலும் நீரில் நைத்திரேற்று ஏறியிருக்கின்றது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் எடுத்து வீசும் ஆயுதம் அதுவாகவே இருக்கும். அதற்கு விடை அளவீடு ஒன்றே. பல்கலைக்கழகத்து இரசாயன அறிஞரும் பொறியியலாளரும் வைத்தியர்களும் கமக்காரர் அமைப்புகளுடன் சேர்ந்து, பலாலியைச் சூழ்ந்த ஊர்களின் கிணறுகளை மாரியில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் பரிசோதித்து, முடிவுகளைத் திகதியிட்டுப் பாதுகாக்கவேண்டும். பிரதேச சபைகள் இதற்குப் பணம் ஒதுக்கவேண்டும். எமது சட்டத்தரணிகள் அந்தப் பதிவுகளைச் சத்தியக்கடதாசிகளாக்கத் தயாராக இருக்கவேண்டும். அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பு தரும் தவணை ஒரு மாதம் மட்டுமே என்பதை மறத்தலாகாது. அந்த ஒரு மாதத்துக்குள் ஆதாரம் தேடத் தொடங்குபவன் வழக்கில் பாதியை முன்னரே இழந்துவிடுகின்றான்.

இவ்வாறு கேட்பது அபிவிருத்திக்குக் குறுக்கே நிற்பதாகும் என்று சிலர் முறுமுறுப்பர். வானூர்தி வந்திறங்கும் ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லையெனில் அந்த அபிவிருத்தி யாருக்கு? நீர்ச் சோதனையைச் சாட்டாக வைத்து, மீளளிக்கவேண்டிய காணிகளை இன்னும் தடுத்துவைக்கலாம் என்று எண்ணுவோருக்கும் ஒன்று கூறுவோம்: காணியும் நீரும் ஒரே உரிமையின் இரு பக்கங்கள், ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க விடமாட்டோம்.

கிணற்றைத் தோண்டிய எமது முன்னோர் பாறையை உடைத்து நீர் கண்டனர். அந்நீரை அளந்து, எழுதி, சட்டத்தின் துணையோடு காக்கும் வேலை எம்மிடம் விடப்பட்டுள்ளது. வரும் மாரிக்குமுன் அது தொடங்கட்டும்.