பியூசுக்குத் தலை எது, வால் எது?

ஆம்ப்ளிபயருக்குள் ஒரு சிறு கண்ணாடிக் குழல் இருக்கிறது. அதுதான் பியூஸ். கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும்.

அதையே பல ஆயிரம் ரூபாய்க்கும் விற்கிறார்கள்! "பாட்டு தேனாக இனிக்கும். ஆனால் அம்புக்குறி பார்த்து மாட்ட வேண்டும்" என்கிறார்கள்.

உண்மையா?

இல்லை.

வீட்டுக்கு வரும் மின்சாரம் ஆற்று நீரைப் போல ஒரே பக்கம் ஓடுவது அல்ல. தறியில் நாடா ஓடுவது போல இப்படியும் அப்படியும் ஓடுவது. நொடிக்கு 50 தடவை போகிறது. 50 தடவை திரும்புகிறது. அம்புக்குறி எந்தப் பக்கத்தைக் காட்டும்?

1932-ம் ஆண்டு நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அந்த மின்சாரம் கோவைப் பஞ்சாலைகளை ஓட்டியது. மலையும் காடும் தாண்டிச் சாதாரணக் கம்பியில்தான் வந்தது. இன்றும் அப்படித்தான் வருகிறது. கடைசி ஓர் அங்குலத்தில் மட்டும் அதன் குணம் மாறிவிடுமா?

சந்தேகம் உள்ளவர்கள் சோதித்துப் பார்க்கலாம். மெக்கானிக் ஒருவர் பியூசை மாற்றி மாற்றிப் போடட்டும். எது எந்தப் பியூஸ் என்று சொல்லக் கூடாது. பத்துத் தடவை வீட்டார் கேட்டுச் சொல்லட்டும். விலை தெரிந்துவிட்டால் காது ஏமாந்து போகும், பாவம்!

ஸ்பீக்கரைச் சுவரை விட்டுச் சற்று நகர்த்தினால் வித்தியாசம் கேட்கும். காலணா செலவு இல்லை.

பியூசின் வேலையே வேறு. மின்சாரம் அளவு மீறினால் அதன் மெல்லிய கம்பி உருகி அறுந்துவிடும். பெட்டியும் வீடும் தப்பும். சிலர் பியூஸ் போனதும் செம்புக் கம்பியைச் சுற்றி வைக்கிறார்கள். அது உருகாது, வீடுதான் எரியும். எத்தனை ஆம்பியர் பியூஸ் போட வேண்டும் என்பது பெட்டியிலேயே அச்சடித்திருக்கும்.